'மூன்றாம் கோபுரம்' படத்தை மூன்று முறை பார்த்தேன்

பிப்ரவரி 6, வியாழன்

இன்று முந்நூறு மேல்கோட்டுக்குக் கை வெட்டினேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மேரிம் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து என் வெட்டு மேசைமேல் கைபேசியை வைத்தாள்.

"கலீமா அக்கா, ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி ஷோ. பகாய் படம். ஏழு சீட் போட்டாச்சு. வரலேன்னீங்கன்னா கத்திரிய ஒளிச்சு வெச்சிருவேன்."

வரமாட்டேன் என்று யார் சொன்னது? நாற்பத்தேழு வயது, விதவை, ஒரே மகள் தெற்கே ஓஷ் நகரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், மாதத்துக்கு ஒரு தடவை பேசினால் அதிகம். எனக்கென்று இருப்பது இந்த நடிகன் பகாய்தான். சிரிப்பாக இருக்கிறது எழுதும்போது. ஆனால் உண்மை.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் பாதியை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பகாய் இதில் லாரி ஓட்டுகிறவன். செய்யாத குற்றத்துக்கு எட்டு வருடம் சிறை. ஆரம்பமே உறைந்த ஆற்றின்மேல் நிலக்கரி லாரித் துரத்தல் - பனிக்கட்டி கீறல் விடும் சத்தம் வந்தபோது மேரிம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இசை கிடையாது அந்த இடத்தில். வெறும் கீறல் சத்தம். நல்ல இயக்குநர்.

பகாய் அழகன் இல்லை. மூக்கு ஒருமுறை உடைந்து கோணலாகச் சேர்ந்தது. ஆனால் மற்ற நடிகர்கள் அடி வாங்கினால் முடிகூடக் கலையாது. இவன் வாங்கினால் நமக்கு விலா வலிக்கும். எதிராளியை அடிக்கும் முன் ஒரு நொடி பயப்படுகிறான். கண்ணில் வந்து போகும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் போவதே.

சிறைக்கதை என்று முன்பே தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். பாதிக்குப் பிறகு - முடியவில்லை. தலை வலிக்கிறது. நாளை.

பிப்ரவரி 10, திங்கள்

வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன்.

படத்தில் ஒரு காவலர். யாகூபோவ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பருத்த உடம்பு, மெல்லிய குரல். யாரையும் அடிப்பதில்லை. கைதியைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, விரித்த உள்ளங்கையில் சுடச்சுடத் தேநீர் நிறைந்த கிண்ணத்தை வைக்கிறான். விளிம்புவரை நிறைந்த கிண்ணம். "அப்படியே நில்லு. ஒரு சொட்டு விழுந்தாலும் முதல்ல இருந்து." சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறான்.

நான் மடியைப் பார்த்துக்கொண்டேன்.

அது தொலோகோன். என் வீட்டுக்காரர், சிறைக் காவலர். பதினொரு வருடத்துக்கு முன், சிறைக் கலவரத்தில், வாசல் சாவியைக் கொடுக்க மறுத்து இறந்தவர். பதக்கத்தோடு வந்த கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவர் படித்த பள்ளியில் கல்வெட்டு இருக்கிறது.

கடைசியில் சிறைக் காவல் கோபுரத்தின் உச்சியில் பகாய் யாகூபோவின் கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளுகிறான். அரங்கமே எழுந்து கைதட்டியது. விசில். நான் தட்டவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மூன்று அடுக்குத் துணியைக் கோணலாக வெட்டி வீணாக்கினேன். இருபது வருடத்தில் முதல் தடவை.

பொய் எடுத்திருக்கிறார்கள். இறந்தவர் வந்து பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியம்.

பிப்ரவரி 15, சனி

ஷார்ஷென் அண்ணன் வந்தார். தொலோகோனின் ஷிப்டுக்குத் தலைவராக இருந்தவர்; இப்போது ஓய்வுபெற்ற காவலர் சங்கத்துக்குத் தலைவர். பூட்ஸைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தியா தங்கச்சி, அந்தக் கூத்தாடிப் பயலுக பண்ணுன வேலைய?"

"பாத்தேன்ணே."

"பாத்தியா! காசு குடுத்து வேற பாத்தியா! நம்ம தொலோகோன மிருகமாக்கிட்டு அவனுக பாப்கார்ன் விக்கிறானுக. கேஸ் போடுறோம். படத்த நிறுத்தியே ஆகணும். சங்கம் பேசுனா எவனும் கேக்க மாட்டான். பொண்டாட்டி வந்து நின்னு பேசணும். 'என் புருசன் எறும்பைக்கூட மிதிக்காதவரு'ன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, போதும்."

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குவுர்தாக் கறிவறுவல் சூடாக இருந்தது, இரண்டு தட்டு சாப்பிட்டார். காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

போகும்போது கேட்டேன்: "அண்ணே, அந்தக் கிண்ணம் - உள்ள அப்படி ஏதாச்சும் நடந்துச்சா?"

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஜெயில்னா தாலாட்டா பாடுவாங்க? அத நீ ஏன் கேக்குற?"

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டாம் தடவை. தனியாக. எது எது பொய் என்று குறித்து வைத்துக்கொள்ளப் போனேன், நீதிமன்றத்தில் சொல்ல.

தொலோகோனுக்கு மீசை கிடையாது. யாகூபோவுக்கு இருக்கிறது. தொலோகோன் ஒல்லி. சிகரெட் பிடித்ததே இல்லை.

அவ்வளவுதான். வேறு எதுவும் தவறில்லை. அந்தக் குரல். கோபம் வர வர மெல்லியதாகிற குரல். கிண்ணம் விழுந்ததும் சிரிக்காமல், வருத்தப்படுகிற மாதிரி தலையை ஆட்டுவது. "ஐயோ. முதல்ல இருந்து."

யார் சொல்லிக்கொடுத்தது அந்த நடிகனுக்கு? எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்து நின்று பார்த்தானா?

பிப்ரவரி 17, திங்கள்

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

என் மகள் ஜிபாருக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக் குறிப்பேட்டில் அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டுவிட்டாள். அவர் கத்தவில்லை. கூப்பிட்டு நடுவீட்டில் நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி, கிண்ணத்தை வைத்தார். நான் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் மாவைப் பார்த்தேன்.

ஒரு தடவை இல்லை. எத்தனை தடவை என்று எண்ண மாட்டேன். உள்ளங்கையில் தோல் உரியும், வெண்ணெய் தடவுவேன், "அப்பாவக் கோவப்படுத்தாதடி" என்பேன். என்ன பொம்பள நான்? வெண்ணெய் தடவுனா சரியாப் போச்சா?

இன்னொன்றும். அன்று பொய் எழுதினேன். யாகூபோவ் கோபுரத்திலிருந்து விழுந்தபோது நானும் கைதட்டினேன். எல்லோருக்கும் முன்னால் தட்டினேன். மேரிம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆண்கள் தினம். தெருவில் ஒரே ஆரவாரம். ஜிபாருக்குச் செய்தி அனுப்பினேன்: "மூன்றாம் கோபுரம் பாத்தியா?"

சாயங்காலம் பதில் வந்தது. "பாத்தேன்."

அதற்கு மேல் எதுவும் இல்லை. நானும் எழுதவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

படம் ஓடும் இடங்களுக்கு பகாய் நேரில் வருகிறான் என்று மேரிம் சொன்னாள். போனேன். மூன்றாம் தடவை.

படம் முடிந்து விளக்கு போட்டதும் திரைக்கு முன்னால் வந்து நின்றான். குள்ளம்! திரையில் மலைபோல இருக்கிறவன் என் தோளுக்குக் கொஞ்சம் மேலே. சளி பிடித்திருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வலது முழங்காலை மடக்க முடியாமல் சாய்ந்து நடந்தான். பெண்கள் எல்லாம் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். என் முறை வந்தபோது நான் கைபேசியை எடுக்கவில்லை.

"போட்டோ வேணாமாக்கா?"

"தம்பி, அந்தக் கிண்ணம்... யார் சொன்னது ஒங்களுக்கு?"

சிரிப்பு நின்றுவிட்டது அவனுக்கு. சுற்றிப் பார்த்தான்.

"உள்ள இருந்த ஒருத்தர் சொன்னாரு. படத்துலயும் இருக்காரு. சூப்பு ஊத்துவாருல்ல, ஒரே ஒரு சீன், அவருதான். ஓமுர்னு பேரு." பிறகு தணிந்த குரலில், "நீங்க உள்ள இருந்தவங்க வீட்டு ஆளாக்கா?"

"கம்பிக்கு வெளிய நின்னவரு வீட்டு ஆளு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. அடிக்கும் முன் வருகிற அந்த பயம் கண்ணில் வந்தது. ஆக, அது நடிப்பில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னால் நின்றவள் இடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். அவனோடு வந்த பையனிடம் ஓமுரின் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பெரிய சந்தையில், கார் உதிரிப்பாகம் விற்கிற வரிசையில், ஓமுர் பிரேக் தட்டு விற்கிறான். முப்பத்தைந்து வயதிருக்கும், பார்த்தால் ஐம்பது. பத்தொன்பது வயதில் குதிரை திருடி எட்டு வருடம் உள்ளே இருந்தவன்.

தொலோகோன் பெயரைச் சொன்னதும் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அடி விழும் என்று நினைத்திருப்பான்.

"அடிக்க வரல தம்பி. கேக்க வந்தேன்."

கடைக்குள் ஒரு பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னான். குளிர். மூச்சு புகையாகப் போயிற்று இருவருக்கும்.

"ஒங்க வீட்டுக்காரரு என்னை ஒரு தடவகூட அடிச்சதில்லக்கா. அடிச்சவங்களை எல்லாம் மறந்துட்டேன். இவர மறக்க முடியல. இன்னிக்கும் என் பொண்டாட்டி டீ குடுத்தா கீழ வெச்சிட்டுப் போகச் சொல்லுவேன்."

"அவரு சாவியக் குடுக்க மாட்டேன்னு நின்னுதான் செத்தாராம். பதக்கத்துல இருக்கு."

அவன் பிரேக் தட்டு ஒன்றை எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான்.

"சொல்லணுமாக்கா?"

"சொல்லு."

"சாவி அவருகிட்ட இல்ல. சமையல்கட்டுல மாவு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தாரு. இழுத்துட்டு வந்தாங்க. நடுமுத்தத்துல நிக்கவெச்சு, கையில கிண்ணத்த வெச்சாங்க. எல்லாரும் சுத்தி உக்காந்துட்டோம். 'ஒரு சொட்டு விழுந்தாலும் முதல்ல இருந்து'ன்னு கத்துனாங்க. அவரு அழுதுட்டே நின்னாரு. 'எனக்கு ஒரு பொண்ணு இருக்கு, ஜிபார்னு பேரு'ன்னு திருப்பித் திருப்பிச் சொன்னாரு. நாலாவது தடவ கிண்ணம் விழுந்தப்போ எவனோ மண்வெட்டிய எடுத்துட்டான்."

பக்கத்துக் கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் அடிக்கலக்கா. ஆனா அந்தக் கிண்ணத்த ஒவ்வொரு தடவையும் நெறச்சது நான்தான். கெட்டில் என் கையிலதான் இருந்துச்சு."

"படத்துல இது இல்லியே."

"சொன்னேன். வேணாம்னுட்டாங்க. இதக் காட்டுனா ஜனங்க பகாய வெறுத்துருவாங்களாம். கோபுரத்துல ஒத்தைக்கு ஒத்தை சண்டை வெச்சுட்டாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு."

எழுந்தபோது கால் மரத்திருந்தது. அவன் கேட்டான்: "போலீஸ்ல சொல்லப் போறீங்களா?"

தெரியவில்லை என்றேன். அப்போது நிஜமாகவே தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அழுதேன். அவருக்காகத்தான். அவள் பெயரைச் சொல்லி அழுதாராமே! பாவி. பாவி மனுஷன்.

மார்ச் 21, வெள்ளி

நவ்ருஸ், வசந்தப் புத்தாண்டு. சுமலாக் கோதுமைக் கூழ் கிளறக் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஷார்ஷென் அண்ணன் கூப்பிட்டு விசாரணைத் தேதி சொன்னார். ஏப்ரல் நான்கு. "கறுப்புத் தலைத்துணி கட்டிட்டு வா. பதக்கத்த மறந்துராத."

ஏப்ரல் 3, வியாழன்

பகாயை நினைத்துப் பார்க்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று: முதல் தடவை இந்தப் படம் பார்த்தபோது, அவன் யாகூபோவைப் பிடிக்க ஏறுகிற ஒவ்வொரு படியிலும், "சீக்கிரம், சீக்கிரம்" என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கதவு வழியாக அவன் வந்திருக்க வேண்டும் என்று. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேனே. நான்கு எட்டு வைத்தால் போதுமே. அதற்கு நடிகன் எதற்கு?

ஏப்ரல் 4, வெள்ளி

சின்ன அறை. ஜன்னல் பக்கம் பகாய், அவன் வக்கீல், இயக்குநர். இந்தப் பக்கம் சங்கத்துக்காரர்கள் பதினைந்து பேர், பழைய சீருடையில். என் கொழுந்தன் ஐதாரும் வந்திருந்தான்.

எங்கள் வக்கீல் எழுந்தார். பெரிய குரல். "அம்மா, உங்க கணவர் எப்படிப்பட்டவர்? வீட்டுல எப்படி நடந்துக்குவார்? மன்றத்துக்குச் சொல்லுங்க."

"கறி வாங்கிட்டு வருவாரு. குடிக்க மாட்டாரு. எங்க அம்மா செத்தப்போ குழி வெட்டுனதுல அவரும் ஒருத்தர்." நிறுத்தினேன். "எங்க பொண்ணு கையில சுடு டீ கிண்ணத்த வெச்சு நிக்கவெப்பாரு. ஒரு சொட்டு விழுந்தாலும் முதல்ல இருந்துன்னுவாரு. அவளுக்கு ஒன்பது வயசு. நான் பாத்துட்டு இருந்தேன். தடுக்கல."

ஷார்ஷென் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஏ, பைத்தியமா ஒனக்கு? எவ்வளவு குடுத்தானுக?"

நீதிபதி அம்மா அவரை உட்காரச் சொன்னார். என்னைப் பார்த்து, "அவர் இறந்த விதம் பற்றி ஏதாவது தெரியுமா?" என்றார்.

ஓமுர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். தொப்பியை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தான்.

"தெரியாதுங்க," என்றேன்.

இது சரியா? தெரியாது. சட்டப்படி குற்றமாகக்கூட இருக்கலாம். கெட்டில் பிடித்தவனுக்கு இன்னொரு எட்டு வருடம் வாங்கிக்கொடுக்க என் நாக்கு எழவில்லை.

வெளியே படிக்கட்டில் ஐதார் என் காலடியில் துப்பினான். "எங்கண்ணன் போட்ட சோத்தத் தின்ன வாயி." பகாய் தூரத்தில் நின்று தலை குனிந்தான். நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜிபார் கூப்பிட்டாள். யாரோ நீதிமன்றத்தில் கைபேசியில் எடுத்ததைப் பரப்பிவிட்டார்களாம்.

"பாத்தேன்," என்றாள்.

"ம்."

"பதினாறு வருஷம். ஒரு தடவ நீ எங்கிட்ட வந்து, 'நான் பாத்தேன்டி, தப்புடி'ன்னு சொல்லுவேன்னு காத்துட்டு இருந்தேன். ஜட்ஜுகிட்ட சொல்லியிருக்க. அந்த நடிகன் முன்னாடி சொல்லியிருக்க. ஊருக்கே சொல்லியிருக்க. எங்கிட்ட சொல்லல."

"ஜிபார் - "

"இப்ப சொல்லாத. இப்ப சொன்னா நான் கேட்டதுக்காகச் சொன்னதா ஆயிரும்."

வைத்துவிட்டாள். சரியாகத்தான் சொன்னாள். ஒரு வார்த்தைகூடத் தவறில்லை.

ஏப்ரல் 19, சனி

வழக்கு தள்ளுபடி. பள்ளியில் கல்வெட்டு அப்படியேதான் இருக்கிறது. தொழிற்கூடத்தில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. மேரிம் பேசுகிறாள். பகாயைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஜிபாருக்குக் கடிதம். நான்கு பக்கம் எழுதினேன், கிழித்தேன். பிறகு ஒரு பக்கம். எந்த நாள், என்ன சட்டை போட்டிருந்தாள், நான் எங்கே நின்றேன், எத்தனை தடவை. எண்ண மாட்டேன் என்று எழுதியிருந்தேன். எண்ணினேன். பதினோரு தடவை, எனக்கு நினைவிருக்கிறவரை. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மே 5, திங்கள்

பதில் இல்லை.

மே 9, வெள்ளி

விடுமுறை. பகாயின் அடுத்த படத்துக்கு விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். குதிரைமேல் இருக்கிறான், கையில் துப்பாக்கி. பேருந்திலிருந்து பார்த்தேன். வண்டி நகர்ந்துவிட்டது.

மே 14, புதன்

பதினோரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஓஷ் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"ஜிபாரோட அம்மாங்களா?"

கத்திரியைக் கீழே வைத்தேன். "என்னாச்சும்மா?"

"பயப்படாதீங்க. பித்தப்பையில கல்லு. நாளன்னிக்கி ஆபரேஷன். ஃபாரத்துல, யாருக்குத் தகவல் சொல்லணும்ங்கற எடத்துல ஒங்க நம்பர எழுதியிருக்காங்க. சரிபாக்கத்தான் கூப்பிட்டேன். நம்பர் சரிதானே?"

"சரிதான்."

"கூட இருக்க ஆள் வேணும். ஒங்ககிட்ட நேரா சொல்ல மாட்டாங்கபோல, கேட்டதுக்கு 'தெரியல, வந்தா வரட்டும்'னாங்க."

முதலாளியிடம் சொல்லவில்லை. மேரிமிடம் கத்திரியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 15, வியாழன்

ஓஷ் போகும் பங்கு டாக்ஸி. கடைசி இருக்கை. கணவாயில் பனி இன்னும் இருக்கிறது. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஏழு மணி நேரம். பையில் துண்டு, ரப்பர் செருப்பு, அவளுக்கு ஒரு போர்வை. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இப்போது யோசிக்கவில்லை.